குரலிலும் எழுத்திலும் உணர்ச்சியை அறிதல்

‘சரி’ என்னும் சொல் தமிழில் இரண்டே எழுத்துக்களால் ஆனது. அதனை உடன்பாடாகவும் சொல்லலாம், சலிப்பாகவும் சொல்லலாம். கோபத்தை அடக்கிக்கொண்டும், அழுகையை விழுங்கிக்கொண்டும் சொல்லலாம். எழுதிக் காட்டினால் நான்கும் ஒன்றே. காதால் கேட்பவர் மட்டுமே வேறுபாட்டை உணர்வார். இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. மொழி தெரியாத ஒருவர் அடுத்த அறையில் உரக்கப் பேசுவோரின் ஒலியைக் கேட்டு, அது சண்டையா, கொண்டாட்டமா என்று துணிய முடியாமல் நிற்பார். அவருக்குக் குரல் கிடைத்தது, சொல் கிடைக்கவில்லை. பேச்சிலிருந்து உணர்ச்சியைக் கண்டறியும் கணிப்பொறி முறைகள் இவ்விரு குறைகளுக்கும் இடையே வழி தேடுபவை. ஒலிப்பதிவையும், அவ்வொலியிலிருந்து யந்திரமே எழுதிக்கொள்ளும் எழுத்துப்படியையும் அவை ஒருங்கே பயன்படுத்துகின்றன. அம்முறைகள் செயற்படும் விதத்தையும், தமிழ்ப் பேச்சில் அவை இடறும் இடங்களையும் இக்கட்டுரையில் காண்போம்.

மும்பையை அடுத்த நவி மும்பையில், தானே கழிமுகத்தின் கரையில் அமைந்துள்ளது ஐரோலி. 1999-ஆம் ஆண்டில் முலுண்டையும் ஐரோலியையும் இணைக்கும் பாலம் திறக்கப்பட்டது. 2004-இல் தானேயிலிருந்து இவ்வழியே பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. இன்று மைண்ட்ஸ்பேஸ் முதலிய பெரும் அலுவலக வளாகங்கள் இங்கு உள்ளன. கழிமுகச் சேற்றில் பூநாரைகள் மேயும் இவ்வூரில், கண்ணாடிச் சுவர்களுக்குள் இரவு பகலாகத் தொலைபேசி அழைப்புகளுக்கு விடையளிக்கும் பணியும் நடைபெறுகிறது. தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளின் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞரும் இத்தகைய வேலைகளில் இருக்கின்றனர். மக்கள் வழக்கில் ‘கால் சென்டர்’ எனப்படும் இந்நிலையங்களுக்கென்று உலகெங்கும் விற்கப்படும் மென்பொருள்களில், பேசுவோரின் மனநிலைக்கு மதிப்பெண் இடும் பகுதியும் இப்பொழுது சேர்ந்து வருகிறது. அம்மதிப்பெண் அழைத்தவருக்கு மட்டுமன்றி, பதில் சொல்லும் ஊழியருக்கும் இடப்படுகிறது. ஒருவருடைய பதவி உயர்வோ ஊதியமோ அந்த எண்ணைப் பொறுத்து அமையக்கூடும். ஆகவே அந்த எண் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

ஒலி தரும் செய்தி

கோபமோ அச்சமோ எழும்போது மூச்சு விரைவுபடுகிறது. குரல்வளைத் தசைகள் இறுகுகின்றன. நுரையீரலிலிருந்து வரும் காற்றின் அழுத்தம் மிகுகிறது. இதனால் குரல்நாண்கள் விரைந்து அதிர்ந்து சுருதி உயர்கிறது, ஒலி வலுக்கிறது, உயர் அதிர்வெண் பகுதிகள் கூர்மையடைகின்றன. துயரத்திலும் சோர்விலும் இதற்கு நேர்மாறாகச் சுருதி தாழ்ந்து, ஏற்ற இறக்கம் குறைந்து, சொற்களுக்கிடையே மௌனம் நீள்கிறது. குரலுக்கும் உணர்ச்சிக்கும் உள்ள இத்தொடர்பை டார்வின் 1872-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

கணிப்பொறி ஒலியை நூறில் இரண்டு அல்லது மூன்று பங்கு வினாடி நீளமுள்ள சிறு துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும் சுருதி, வலிமை, அதிர்வெண்களின் பங்கீடு ஆகியவற்றை அளக்கிறது. துண்டுக்குத் துண்டு சுருதி எவ்வளவு நடுங்குகிறது என்பதும், வினாடிக்கு எத்தனை அசைகள் என்பதும், மௌனங்கள் எவ்வளவு நீளம் என்பதும் கணக்கிடப்படுகின்றன. அண்மைக் காலத்தில், இன்னின்னவற்றை அளக்க வேண்டும் என்று மனிதர் வகுத்துக் கொடுப்பதற்குப் பதிலாக, பல்லாயிர மணி நேரப் பேச்சைக் கேட்டுத் தேவையான அடையாளங்களைத் தானே கற்றுக்கொள்ளும் வலைப்பின்னல்கள் வந்துவிட்டன. 2020-இல் வெளிவந்த ‘வேவ்டுவெக் 2.0’ அவ்வகையைச் சேர்ந்தது.

தொலைபேசி ஒலியைப் பற்றி இங்கு ஒன்று கூற வேண்டும். வழக்கமான தொலைபேசிக் கம்பி வினாடிக்கு 300 முதல் 3400 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கடத்தும் முறையில் அமைந்தது. ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண்ணோ 120 அளவில் இருக்கும். அப்படியாயின் சுருதியே தொலைந்துவிடாதா? தொலைவதில்லை. 120-இன் மடங்குகளான 360, 480, 600 ஆகிய அதிர்வுகள் கம்பியில் வந்து சேர்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள சம இடைவெளி 120 என்பதிலிருந்து நம் செவியும் கணிப்பொறியும் மறைந்த அடிப்படையை மீட்டுக்கொள்கின்றன. ஆனால் ஒலியின் வலிமை அவ்வாறு நம்பத்தக்கதன்று. ஒலிவாங்கி வாயருகே இருந்தால் ஓர் அளவு, கழுத்தருகே தொங்கினால் வேறோர் அளவு. போதாக்குறைக்கு, தொலைபேசிக் கருவியே ஒலியைத் தானாக ஏற்றியும் இறக்கியும் சமன் செய்கிறது. எனவே ஒருவரைப் பிறரோடு ஒப்பிடுவதைவிட, அவரது தொடக்கக் குரலோடு பிற்பகுதிக் குரலை ஒப்பிடுவதே தக்க முறை.

மும்பையில் பணியாற்றிய பேச்சுப் பொறியியல் ஆய்வாளர் சுனில் குமார் கொப்பரபு, அழைப்பு நிலைய உரையாடல்களைச் சொற்களின் துணையின்றி ஒலியைக் கொண்டே ஆராய்வது பற்றி 2015-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பல மொழிகள் கலந்து வழங்கும் நம் நாட்டில் அம்முயற்சிக்குத் தனிப் பயன் உண்டு. எனினும் ஒலியால் மட்டும் தீராத குழப்பம் ஒன்று எஞ்சுகிறது. மகிழ்ச்சியின் பூரிப்பும் கோபத்தின் கொதிப்பும் ஒலியளவில் மிக நெருங்கியவை. இரண்டிலும் சுருதி உயரும், பேச்சு விரையும். அவ்வாறே துயரமும் சாதாரண அமைதியும் ஒன்றோடொன்று மயங்கும். உணர்ச்சி எவ்வளவு பொங்குகிறது என்பதை ஒலி நன்கு காட்டும். அது இனியதா, கசப்பானதா என்பதைக் காட்டுவதில் அது வலுவற்றது. அதற்குச் சொல் வேண்டும்.

எழுத்துப்படியின் உதவியும் அபாயமும்

பேச்சை எழுத்தாக்கும் யந்திரங்கள் இன்று தமிழுக்கும் உண்டு. 2022-இல் வெளியான ‘விஸ்பர்’ என்னும் முறை 6,80,000 மணி நேரப் பேச்சைக் கொண்டு பல மொழிகளில் பயிற்றப்பட்டது. அதே ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய ‘பாஷினி’ திட்டம் இந்திய மொழிகளுக்கான இத்தகைய சாதனங்களைப் பொதுப் பயனுக்குக் கொண்டுவர முற்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் ‘ஏஐ ஃபார் பாரத்’ குழுவும் இத்துறையில் உழைத்து வருகிறது.

இவ்வெழுத்துப்படிகளின் தரம் நூற்றுக்கு எத்தனை சொற்கள் பிழை என்று அளக்கப்படுகிறது. உணர்ச்சியை அறியும் நோக்கத்திற்கு இந்த அளவுகோல் போதாது. பத்துச் சொற்கள் கொண்ட வாக்கியத்தில் ஒரு சொல் பிழையானால் பிழை நூற்றுக்குப் பத்து, கேட்பதற்குச் சிறிதே. ஆனால் அந்த ஒரு சொல் எது? பேச்சுத் தமிழில் ‘வேணும்’ என்பதும் ‘வேணாம்’ என்பதும் எதிர்ப்பொருள் தருபவை. இரண்டிற்கும் உள்ள வேற்றுமை கடைசி அசையில் வரும் ஓர் உயிரொலி மட்டுமே. அதுவும் மூக்கொலியோடு கலந்து மங்கிவிடும். தமிழில் எதிர்மறை பெரும்பாலும் வினைச்சொல்லின் ஈற்றிலேயே அமைகிறது: ‘வரும்’, ‘வராது’, ‘கிடைச்சுது’, ‘கிடைக்கலை’. வினையோ வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. வாக்கியத்தின் கடைசியில் பேசுவோரின் மூச்சும் குரலும் தாழ்ந்துவிடுவது வழக்கம். ஆகவே பொருளைப் புரட்டிப் போடும் உறுப்பு, ஒலி மிக மெலிந்த இடத்தில் வந்து அமர்ந்திருக்கிறது. வினைக்கு முன்பே தனிச்சொல்லாக எதிர்மறையைக் கூறிவிடும் ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்ட முறைகளைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவருவோர் இதனைக் கருத்திற்கொள்வது நலம்.

மும்பைத் தமிழரின் பேச்சில் மற்றொரு சிக்கலும் உண்டு. திருநெல்வேலி வழக்கில் தொடங்கிய வாக்கியத்தில் இந்திச் சொல்லும் மராத்திச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் இயல்பாகப் புகும். ‘பைசா வாபஸ் ஆச்சா, இல்லையா?’ என்று ஒருவர் கேட்டால், தமிழ் மட்டும் அறிந்த யந்திரம் ‘வாபஸ்’ என்பதற்கு ஈடாக ஒலியில் நெருங்கிய ஏதோ ஒரு தமிழ்ச் சொல்லை எழுதிவைக்கும். அவ்வாறு தவறாக எழுதப்பட்ட சொல் உணர்ச்சிக் கணக்கிலும் தவறாகவே சேரும்.

இவற்றினும் நுட்பமான குறை ஒன்றுண்டு. எழுத்துப்படி படிப்பதற்குச் சுத்தமாக இருக்க வேண்டும் என்னும் நோக்கத்தால், ‘ம்’, ‘ஆ’ முதலிய தயக்க ஒலிகளையும், திக்கலையும், பெருமூச்சையும், விம்மலையும் யந்திரம் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. உணர்ச்சியைத் தேடுவோர்க்கு இவையல்லவா முதற் சான்று? சுருக்கெழுத்தாளர் ஒருவர் நீதிமன்றத்தில் சாட்சியின் சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு அழுகையை விட்டுவிடுவது போன்றது இது. சில வேளைகளில் யந்திரம் மௌனத்தைத் தன் கற்பனையாலும் நிரப்புகிறது. விஸ்பர் முறையை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பதிவில் எவரும் பேசாத சொற்றொடர்கள் எழுத்துப்படியில் முளைத்திருந்ததைக் கண்டது. மூளைப் பாதிப்பால் பேச்சுத் தடைபட்டு, இடையிடையே நீண்ட மௌனம் காப்பவர்களின் பதிவுகளில் இது மிகுதியாக நேர்ந்தது. துயரத்தில் உள்ளவரும் நீண்ட மௌனம் காப்பவரே என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

இரண்டையும் இணைத்தல்

ஒலியின் முடிவையும் எழுத்தின் முடிவையும் இணைக்கப் பல வழிகள் உள. எளியதொன்றைக் கணக்காகவே பார்க்கலாம்; இதில் வரும் எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. தேர்வு முடிவு வந்த மாணவர் ஒருவர் வீட்டிற்குத் தொலைபேசியில் கூவுகிறார். ஒலிப் பகுதி கோபத்திற்கு 0.55, மகிழ்ச்சிக்கு 0.40, துயரத்திற்கு 0.05 என வாய்ப்பு அளிக்கிறது. ‘பாஸ் ஆயிட்டேன்’ என்ற சொற்களைக் கண்ட எழுத்துப் பகுதி அதே வரிசையில் 0.20, 0.70, 0.10 என அளிக்கிறது. இரண்டிற்கும் சரிபாதி மதிப்புத் தந்து சராசரி கண்டால் கோபம் 0.375, மகிழ்ச்சி 0.55, துயரம் 0.075. மகிழ்ச்சி என்பது தெளிவு.

இனி, தெருச் சத்தத்தால் எழுத்துப்படியில் நம்பிக்கை குறைவு என்று யந்திரம் கருதி, ஒலிக்கு ஐந்தில் நான்கு பங்கும் எழுத்துக்கு ஒரு பங்கும் தருவதாகக் கொள்வோம். கோபம் 0.48, மகிழ்ச்சி 0.46, துயரம் 0.06 என்றாகிறது. அதே மாணவர், அதே கூவல், தீர்ப்போ கோபம்! இடையிலுள்ள வேறுபாடு நூற்றில் இரண்டே. ஆயினும் திரையில் ‘கோபம்’ என்ற ஒரு சொல் மட்டும் தோன்றினால் பார்ப்பவருக்கு இது தெரியாது. இத்தகைய கருவிகள் முடிவை ஒரு சொல்லாகக் காட்டாமல் எண்களோடு காட்ட வேண்டும் என்று கோருவது இதனாலேயே நியாயமாகிறது.

எள்ளலை அறிவதில் இணைப்பின் பயன் நன்கு விளங்கும். ‘நல்லாச் செஞ்சீங்க, போங்க!’ என்பதில் சொற்கள் பாராட்டு; குரல் பாராட்டன்று. எழுத்து மட்டும் கொண்டு பார்க்கும் யந்திரம் இதனை மகிழ்ச்சிப் பட்டியலில் சேர்க்கும்; ஒலி மட்டும் கொண்டு பார்ப்பது இதில் ஒன்றையும் காணாமற் போகலாம். இரண்டும் முரண்படுவதே இங்கு அடையாளம். ஆகவே இன்றைய முறைகள் சராசரியோடு நில்லாமல், எந்தச் சொல் எந்த ஒலித்துண்டின்மேல் விழுகிறது என்று பொருத்திப் பார்த்து, அம்முரண்பாட்டையும் கற்றுக்கொள்ள முயல்கின்றன.

யந்திரத்திற்குப் பாடம் சொன்னவர் யார்?

உணர்ச்சிக்கு எட்டு வகுப்புகள் கொள்வது நமக்குப் புதிதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை முதலாக எட்டினைக் கூறுகிறது. கரக்பூர் ஐ.ஐ.டி.யினர் 2009-இல் வெளியிட்ட தெலுங்குப் பேச்சுத் தொகுதியிலும் வகைகள் எட்டு: கோபம், இரக்கம், அருவருப்பு, அச்சம், மகிழ்ச்சி, சமநிலை, எள்ளல், வியப்பு. விஜயவாடா வானொலி நிலையத்தின் கலைஞர் பதின்மர், உணர்ச்சிச் சார்பில்லாத 15 வாக்கியங்களை எட்டு வகையிலும் பத்து அமர்வுகளில் பேசினர். மொத்தம் 12,000 பதிவுகள். எள்ளலுக்குத் தனியிடம் தந்தது நம் நாட்டுப் பேச்சை அறிந்தோர் செய்த காரியம் என்றே தோன்றுகிறது.

தமிழுக்கு ‘எமோத்த’ என்னும் தொகுதி 2025-இல் வந்தது. இலங்கைத் தமிழர் 22 பேர், ஆண் பெண் சரிபாதியாக, 19 பொது வாக்கியங்களைக் கோபம், மகிழ்ச்சி, துயரம், அச்சம், சமநிலை என்னும் ஐந்து நிலைகளில் பேசியவை, பதிவுகள் 936. வட்டார வழக்கு வேறுபாடுகளைக் கருத்திற்கொண்டு தொகுக்கப்பட்ட இஃது அளவிற் சிறிதாயினும் பெரிதும் வரவேற்கத்தக்கது. இலங்கைப் பேச்சில் பயின்ற யந்திரம் தாராவிப் பேச்சிற்கு எவ்வளவு பொருந்தும் என்பது தனியே சோதித்தறிய வேண்டிய வினா. ஒரு வட்டாரத்தாரின் இயல்பான ஏற்ற இறக்கம் மற்றொரு வட்டாரத்தாரின் காதிற்குச் சண்டையாகப் படுவதை நாம் அறிவோம். யந்திரத்தின் காதும் அது வளர்ந்த ஊரின் காதே.

இத்தொகுதிகள் நடிப்பால் அமைந்தவை. மேடையில் கோபம் தெளிவாகத் தெரியவேண்டும். வீட்டிலும் அலுவலகத்திலும் அது மறைக்கப்படும். பதில் சொல்லும் ஊழியரோ கோபத்தையும் களைப்பையும் மறைப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர். மேலும் ஒரே கலைஞரின் குரல் பயிற்சியிலும் தேர்விலும் இடம்பெற்றால், வினாத்தாளை முன்கூட்டியே கண்ட மாணவனைப்போல் யந்திரம் உயர்ந்த மதிப்பெண் பெற்றுவிடும். எந்தக் கருவியைப் பற்றியும் ‘நூற்றுக்கு இத்தனை சரி’ என்று கேள்விப்பட்டால், தேர்வுக் குரல்கள் புதியவர்களுடையனவா என்று முதலில் கேட்கவும்.

‘சரி’ என்பதை முடிவு செய்தவர் யார் என்பது அடுத்த கேள்வி. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் 2008-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கிலத் தொகுதியில் பத்து நடிகர்களின் பேச்சு ஏறத்தாழ 12 மணி நேரம் உள்ளது. ஒவ்வொரு பேச்சையும் மூவர் கேட்டு உணர்ச்சியைக் குறித்தனர். பெரும்பான்மைக் கருத்து ஏற்பட்டது சுமார் நான்கில் மூன்று பங்கிற்கே; எஞ்சியவற்றில் மூவரும் உடன்படவில்லை. ஆகவே யந்திரம் கற்பது பேசியவரின் உள்ளத்தை அன்று. கேட்டவர் அதற்குச் சூட்டிய பெயரை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் கிளைக்கின்றன.

பயனும் எல்லையும்

விவசாயிகளுக்கான கிசான் கால் சென்டர் 2004 முதலும், மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் சேவை 14416 என்ற எண்ணில் 2022 முதலும் இந்திய மொழிகளில் இயங்குகின்றன. இத்தகைய இடங்களில் குவியும் அழைப்புகளுள், எதனை அனுபவமிக்க ஒருவர் முதலில் கேட்க வேண்டும் என்று சுட்டிக்காட்ட உணர்ச்சி அறியும் முறை உதவக்கூடும். அங்கு யந்திரம் தவறினாலும் மனிதர் கேட்டுத் திருத்துவார். ஆனால் கருவி ‘அமைதி’ என்று குறித்த அழைப்பை எவரும் கேளாமல் விடுவதாயின் நிலைமை வேறு. ஆழ்ந்த துயரம் பல வேளைகளில் அமைதியான குரலிலேயே பேசுகிறது என்பதைக் களப்பணியாளர் அறிவர்.

ஊழியரை அளப்பதற்கு இதனைப் பயன்படுத்துவது பற்றி ஐரோப்பிய ஒன்றியம் கண்டிப்பான முடிவெடுத்துள்ளது. அதன் 2024-ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் குரல், முகம் முதலிய உடற்குறிகளிலிருந்து மக்களின் உணர்ச்சியை ஊகிக்கும் கருவிகளை, மருத்துவத்திற்கும் பாதுகாப்பிற்கும் விலக்களித்து, ஏனையவற்றிற்குத் தடை செய்தது. தடை 2025 பிப்ரவரி 2 முதல் அமலாயிற்று. எழுத்தை மட்டும் கொண்டு ஊகிப்பது இத்தடையில் அடங்காது என்பது கவனிக்கத்தக்க இடைவெளி. நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரது தரவைக் கையாள்வது பற்றிய பொது விதிகளை வகுக்கிறது. உணர்ச்சியை அளப்பது பற்றித் தனியாக ஒன்றும் கூறவில்லை. ஐரோலியில் தலையில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் பேசும் இளைஞர் ஒருவரின் குரல், அவருக்குச் சளி பிடித்த நாளில் ‘சோர்வு’ என்று குறிக்கப்பட்டால், அதனை மறுத்துரைக்க அவருக்கு வழி இருக்கிறதா என்பது நிர்வாகம் விடை கூற வேண்டிய கேள்வி.

வகுப்பில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இதனை ஒரு பாடவேளையில் செய்து காட்டலாம். ஐந்து மாணவர் முன்வந்து, ‘நாளைக்கு நான் வர்றேன்’ என்ற ஒரே வாக்கியத்தைக் கோபம், மகிழ்ச்சி, துயரம், அச்சம், சமநிலை என்னும் ஐந்து நிலைகளிலும் சீட்டுக் குலுக்கிய வரிசையில் பேசுக. ஏனையோர் முதுகு காட்டி அமர்ந்து, தாம் கேட்ட உணர்ச்சியைத் தாளில் குறித்துக்கொள்க. பின்னர்க் கரும்பலகையில் ஐந்துக்கு ஐந்து கட்டம் வரைந்து, பேசிய உணர்ச்சியை இடப்பக்கமும் கேட்ட உணர்ச்சியை மேற்பக்கமும் எழுதி எண்ணிக்கையை நிரப்பினால், எவை எவற்றோடு மயங்கின என்பது தெரியவரும். கோபமும் மகிழ்ச்சியும் சந்திக்கும் கட்டத்தையும், துயரமும் சமநிலையும் சந்திக்கும் கட்டத்தையும் குறிப்பாகக் காண்க.

அடுத்து, ‘எனக்கு அது வேணும்’, ‘எனக்கு அது வேணாம்’ என்னும் இரண்டையும் கைப்பேசியின் குரல்வழித் தட்டச்சில் பத்துப் பத்து முறை பேசச் செய்க. முதலில் நிதானமாகவும், பின்பு விரைவாகவும், கடைசியில் அழுவதுபோன்ற குரலிலும் பேசுக. ஒவ்வொரு நிலையிலும் எத்தனை முறை சொல் புரண்டது என்று கணக்கிட்டு அட்டவணையில் எழுதுக. பெயர் குறிக்க வேண்டியதில்லை. பதிவுகள் இருப்பின் அவற்றை அன்றே மாணவர் முன்னிலையில் அழித்துவிடுக.